அந்த டெக்ஸா ஊசி

அன்புள்ள வசந்தா,

ஏட்டி, கோபமாகத்தான் இருப்பாய். உன் கடிதம் தை மாதம் வந்தது, இப்போது ஆனி பிறந்துவிட்டது. அண்ணனுக்கு முட்டுவலி தேவலையா? இங்கே எல்லாரும் சுகம். கனகா அக்கா இன்னும் அதே சைக்கிளைத்தான் உருட்டிக்கொண்டு போகிறாள்.

சேதி இதுதான். நம்ம செல்விக்கு 31 வாரத்திலேயே வலி கண்டுவிட்டது. ராத்திரி 11 மணிக்கு அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா சின்னப் பெண். முதல் ஸ்கேன் சீட்டு எங்கே என்றுதான் முதலில் கேட்டாள். வாரத்தை எண்ணினாள், காய்ச்சல் உண்டா என்று பார்த்தாள், அப்புறம்தான் டெக்ஸா, குறைமாதப் பிள்ளையின் நுரையீரலைப் பழுக்க வைக்கிற அந்த ஸ்டீராய்டு ஊசி. 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நாலு ஊசி. அது முடிந்த மறுநாள் பெண் குழந்தை, 1 கிலோ 420 கிராம். பிறந்ததும் அழுதது, வசந்தா! நெஞ்சுக்கூடு உள்ளிழுத்து, நீலம் பாரித்து, நர்சுகளான நம் கையிலேயே அடங்கிப்போன 31 வாரப் பிள்ளைகள் எத்தனை!

"வெளியூர்க்காரன் ஆராய்ச்சி நம்ம வார்டுக்கு ஆகாது" என்று எழுதியிருந்தாயே, அதற்குத்தான் பதில் எழுத முடியாமல் கிடந்தேன். நீ சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதிதான் என்னைத் தூங்க விடாதது.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் லிக்கின்ஸ் என்ற டாக்டர், பிரசவ வலி எதனால் தொடங்குகிறது என்று ஆடுகளிடம் தேடிக்கொண்டிருந்தார். தாய் வயிற்றில் இருக்கும்போதே ஸ்டீராய்டு கொடுத்த ஆட்டுக்குட்டி, பிழைக்கவே முடியாத மாதத்தில் பிறந்தும் மூச்சு விட்டது. ஹோவி என்ற குழந்தை டாக்டரோடு சேர்ந்து 282 தாய்மாரிடம் அதைச் சோதித்து 1972-இல் வெளியிட்டார். ஊசி போடாதவர்களின் பிள்ளைகள் 100-க்கு 15 பேர் முதல் வாரத்துக்குள் இறந்தார்கள். போட்டவர்களுக்கு 3 பேர்தான். அப்புறம் பல இடங்களில் சின்னச் சின்னதாகச் சோதித்தார்கள். எல்லாவற்றையும் முறையாக ஒன்றுகூட்டிப் பார்த்தது 1989-இல்தான். மருத்துவச் சோதனைகளை இப்படி ஒன்றுகூட்டிப் பார்க்கிற கோக்ரேன் அமைப்பின் சின்னத்தில் இருக்கிற கோடுகள் அந்தச் சோதனைகளின் முடிவுகள்தான். நாம் வார்டுக்குள் கால் வைத்தது 1984. விடை எங்கேயோ காகிதத்தில் கிடந்திருக்கிறது, நாம் இங்கே பிள்ளைகளைத் துணியில் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். நினைத்தால் வயிறு எரிகிறது.

இனி நீ சொன்ன பாதி. 2014-இல், குறைமாத வலியோடு வருகிறவளுக்கு ஒரு டோஸ் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று கிராம நர்சுகளுக்கும் மத்திய அரசு அனுமதி கொடுத்ததே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது ஒருத்தி வந்தாள். ஸ்கேன் இல்லை. கடைசியாகத் தலைக்கு ஊற்றியது பொங்கலுக்கு முந்தியா பிந்தியா என்று அவளுக்கே தெரியவில்லை. போட்டு, 108-இல் ஏற்றிவிட்டேன். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு. பிறந்தது நிறைமாதப் பிள்ளை. 2015-இல் ஒரு பெரிய சோதனையின் முடிவு வெளியானது: இந்தியா உட்பட 6 நாடுகளின் கிராமங்களில் சுமார் 1 லட்சம் பிரசவங்கள். ஊசியைப் பரவலாக்கிய இடங்களில் இறப்பு குறையவில்லை, 1,000-க்கு 3.5 பிள்ளைகள் கூடுதலாக இறந்திருக்கிறார்கள். ஊசி வாங்கியவர்களில் பெரும்பாலோருக்குப் பிறந்தது சின்னப் பிள்ளையே இல்லை. தாய்மாருக்குக் கிருமித் தொற்றும் கூடியிருந்தது. அந்தப் பெண்ணின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதோடு விட்டிருந்தால் நீ சொன்னது முழுக்கச் சரி. விடவில்லை, வசந்தா. உலக சுகாதார நிறுவனம் வங்கதேசம், இந்தியா, கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான் ஐந்திலும் 29 ஆஸ்பத்திரிகளைச் சேர்த்தது. சண்டைக்கார நாடுகளும் இதில் ஒரே கணக்குப் புத்தகத்தில் எழுதின. ஸ்கேன் வைத்து வாரத்தை உறுதி செய்து, 2,852 தாய்மார். 2020-இல் முடிவு வந்தது: ஊசி இல்லாத பக்கம் 100-க்கு 23.5 பிள்ளை இறந்தது, ஊசி போட்ட பக்கம் 19.6. இது வெளியூர்க்காரன் ஆராய்ச்சியா சொல்லு? நம் வார்டு, நம் தாய்மார். வாரக் கணக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும், தாய்க்குத் தொற்று இருக்கக் கூடாது, பிள்ளையைப் பார்க்க வசதி வேண்டும் என்று இப்போது நிபந்தனை. அந்தச் சின்ன டாக்டரம்மா ஸ்கேன் சீட்டைக் கேட்டாளே, அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் இத்தனை நாட்டுத் தாய்மார் நிற்கிறார்கள்.

என் ஆத்திரம் ஒன்றுதான். ஆராய்ச்சி முடிவை ஆட்சியில் இருப்பவர்கள் கையில் சேர்க்க 2005-இலேயே 'எவிப்நெட்' என்று ஒரு வலைப்பின்னலை உலக சுகாதார நிறுவனம் தொடங்கியது. கோக்ரேன் நூலகத்துக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2007-இல் சந்தா கட்டி, நாடு முழுக்க இலவசமாகப் படிக்க வழி செய்தது. நம் வேலூர் சி.எம்.சி.யிலேயே கோக்ரேன் மையம் நடந்தது. ஆனால் எனக்கு வந்தது இங்கிலீஷில் ஒரு சுற்றறிக்கை. போடு என்று இருந்தது, ஏன் என்று இல்லை. வாரம் தெரியாமல் போட்டால் கெடுதலும் வரலாம் என்று ஊசி பிடிக்கிற கைக்கு யாராவது சொல்ல வேண்டாமா?

நீ இப்போது நர்சிங் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாய். டோஸை மட்டும் மனப்பாடம் பண்ண வைக்காதே. 1972, 2015, 2020 மூன்றையும் கதையாகவே சொல்லு. அந்தப் பொங்கல்காரியையும் சொல்லு, என் பேரைப் போட்டே சொல்லு.

பாப்பா நேற்று 2 கிலோ 100. செல்வி இன்னமும் நெஞ்சோடு கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள், இறக்கிவிடச் சொன்னால் சண்டை. பேர் வைக்க உன்னைத்தான் கேட்கச் சொன்னாள். உன் பேரையே சொல்லிவிடாதே, ஏற்கெனவே ஒரு வசந்தாவோடு நான் படுகிறது போதும்.

உன்
மல்லிகா