டி.எம். மாணவர்களை மாவட்டங்களுக்கும் அனுப்புங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் 3 ஆண்டுகளுக்குள் பகல்நேரப் புற்றுநோய்ச் சிகிச்சை மையம் அமைப்போம் என்று 2025 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நல்ல திட்டம். ஆனால் அங்கே யார் உட்காரப்போகிறார்கள் என்பதுதான் என் கவலை.

என் மனைவிக்கு முதுகுவலியும் சோர்வும் வந்தபோது எட்டு மாதம் இரும்புச்சத்து மாத்திரையும் வலி மாத்திரையும்தான் கொடுத்தார்கள். சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ஏறிய பிறகு சென்னைக்குப் போனோம். அங்கே டி.எம். ஹெமட்டாலஜி (எம்.டி.க்கு மேல் படிக்கும் ரத்தநோய்ச் சிறப்புப் படிப்பு) படித்துக்கொண்டிருந்த இளம் டாக்டர் பழைய ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். “ரத்தத்தில் புரோட்டீன் கூடுதலாக இருப்பது ஆறு மாதத்துக்கு முந்தைய ரிப்போர்ட்டிலேயே தெரிகிறதே அம்மா” என்றார். எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையில் மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் என்று உறுதியானது. அந்த எண் எங்கள் பைக்குள்ளேயே இருந்திருக்கிறது. படித்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

எம்.பி.பி.எஸ்., எம்.டி., அதற்கு மேல் 3 ஆண்டு டி.எம். என்று ஏறத்தாழ பதினொன்றரை ஆண்டுப் படிப்பு அது. புற்றுநோய் மருத்துவத்தில் டி.எம். படிப்பை நாட்டிலேயே முதலில், 1984இல், தொடங்கியது நம் அடையாறு புற்றுநோய் நிறுவனம். ஆனாலும் படித்து முடித்தவர்களில் பெரும்பாலோர் பெருநகரங்களிலேயே தங்கிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லேப், ரத்த வங்கி, உடன் பேச ஒரு சீனியர் எதுவும் இல்லாத இடத்தில் அவர்களால் என்ன செய்ய முடியும்?

வாரம் ஒருமுறை இந்த நோய்க்கான போர்டெசோமிப் ஊசிக்காக விடிவதற்கு முன் பஸ் ஏறுகிறோம். வயிற்றுத் தோலுக்கடியில் போடும் அந்த ஊசிக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்கு முன்னால் ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்து, பக்கவிளைவாகக் கால் மரத்துப்போகிறதா என்று கேட்டு, மருந்தைக் குறைப்பதா நிறுத்துவதா என்று முடிவெடுக்க வேண்டும். அதற்குத்தான் பயிற்சி பெற்ற டாக்டர் தேவை.

எம்.டி., எம்.எஸ். மாணவர்கள் 3 மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. புற்றுநோய், ரத்தநோய்த் துறைகளின் டி.எம். மாணவர்களையும் கடைசி ஆண்டில் இப்படிச் சுழற்சி முறையில் இந்தப் புதிய மையங்களுக்கு அனுப்பலாம். பேராசிரியர் போனில் கிடைக்கட்டும். தங்க இடமும் கொடுங்கள். மாவட்டத்தில் இருக்கும் பொதுமருத்துவர்களும் அவர்கள் பக்கத்தில் இருந்தே ஸ்மியர் (கண்ணாடியில் தடவிய ரத்தம்) மைக்ரோஸ்கோப்பில் பார்க்கவும், எப்போது மேலே அனுப்ப வேண்டும் என்றும் கற்றுக்கொள்வார்கள். மையங்கள் திறந்த பிறகு யோசிக்காமல், சுகாதாரத் துறை இப்போதே மருத்துவக் கல்லூரிகளுடன் பேசித் தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவண்ணாமலை மாவட்டம்.