சடை வளர்க்காத ராஸ்தா

ஆசிரியருக்கு,

வணக்கம். ஜமைக்காவின் ரெகே பாடகர் பாப் மார்லியின் நினைவு நாளையொட்டித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். பாட்டைப் பற்றிய பகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் பின்பற்றிய, சடை வளர்ப்பதற்குப் பேர்போன ஜமைக்காவின் ராஸ்தஃபாரி சமய நெறி எங்கிருந்து வந்தது என்று சொல்லவேண்டிய இடத்தில்தான் கட்டுரையாளர், 'கஞ்சா பயிரிட்ட ஒரு சாமியார் கூட்டிய கூட்டம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்தச் சாமியார், நெறியை முதலில் பரப்பியவர்களில் ஒருவரான லெனார்ட் ஹோவெல். போதாக்குறைக்குப் பக்கத்தில் சடைமுடிக்காரர் ஒருவரின் படத்தைப் போட்டு, அடியில் ஹோவெல் என்று பெயரும் கொடுத்திருக்கிறீர்கள். அவர் ஹோவெல் அல்லர். ஹோவெல் சடை வளர்த்ததே இல்லை. கிடைக்கிற பழைய படத்தில் ஒட்ட வெட்டிய தலையும் கோட்டும் டையுமாக, வழக்காட வந்த வக்கீலைப் போலத்தான் இருக்கிறார்.

நான் அஞ்சல் துறையில் 32 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தபால்தலை சேர்க்கிற பழக்கம் இன்னும் விடவில்லை. என் ஆல்பத்தில் எத்தியோப்பியாவுக்கு ஒரு பக்கம் உண்டு. தாடி, ஒடுங்கிய முகம், பெரிய கண்களோடு அந்நாட்டுப் பேரரசர் ஹெய்லி செலாசி அதில் பல நிறங்களில் இருக்கிறார். ஜமைக்காவுக்கு ஒதுக்கிய பக்கத்தில் அதே காலத்துத் தலைகளில் இருப்பவர் இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜ். இந்த இரண்டு முகங்களுக்கும் நடுவில் நின்றதுதான் ஹோவெலின் குற்றம்.

அவர் 1898 ஜூன் 16 அன்று ஜமைக்காவின் கிளாரண்டன் மாவட்டத்தில் பிறந்தவர். இளவயதில் பனாமாவுக்கும் நியூயார்க்குக்கும் போய்ப் பல ஆண்டுகள் வெளியிலேயே கழித்துவிட்டு 1932 கடைசியில் ஊர் திரும்பினார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1930 நவம்பர் 2 அன்று, எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் ராஸ் தஃபாரி என்பவர் ஹெய்லி செலாசி என்ற பெயரில் பேரரசராக முடிசூடியிருந்தார். 'ராஸ்' என்பது பட்டம். தஃபாரி அவருடைய இயற்பெயர். வேதாகமம் சொன்ன மீட்பர் இவர்தான், கறுப்பு மக்களின் அரசர் இவரே, இங்கிலாந்து ராஜா அல்ல என்று ஹோவெல் தெருமுனைகளில் பேசத் தொடங்கினார். 1933 ஏப்ரலில் செயின்ட் தாமஸ் மாவட்டத்து ட்ரினிட்டிவில்லில் அவர் பேசியதைக் கேட்கச் சுமார் 200 பேர் கூடினார்கள். போலீசாரும் கூட்டத்தோடு நின்று குறிப்பெடுத்தார்கள்.

பேச்சோடு படமும் விற்றார். செலாசியின் படம், ஒன்று ஒரு ஷில்லிங். அன்றைக்கு ஜமைக்காவில் புழங்கியது பிரிட்டிஷ் வெள்ளிக்காசு. ஆக, ஜார்ஜின் தலை பொறித்த காசைக் கொடுத்துவிட்டுச் செலாசியின் முகத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள் கரும்புத் தோட்டத்து மக்கள். தபால்தலைக்காரன் என்பதாலோ என்னவோ, எனக்கு இந்தக் கைமாற்றம்தான் மனதை விட்டு அகலவில்லை. அரசாங்கத்துக்கும் அது உறுத்தியிருக்கவேண்டும். அந்தப் படத்தை எத்தியோப்பியாவுக்குப் போகும் பாஸ்போர்ட் என்று ஏமாற்றி விற்றார் என்றும் அவர்மேல் குற்றச்சாட்டு கிளம்பியது.

1934 மார்ச்சில் மோரன்ட் பே நீதிமன்றத்தில் தேசத்துரோக வழக்கு நடந்தது. ஹோவெல் தமக்குத் தாமே வாதாடினார். இரண்டு ஆண்டுச் சிறை. அவருக்குத் துணையாக நின்ற ராபர்ட் ஹைண்ட்ஸுக்கு ஓராண்டு. மோரன்ட் பே என்ற பெயரைக் கேட்டாலே ஜமைக்காக்காரர்களுக்கு 1865 நினைவுக்கு வரும். பால் போகிள் ஏழை விவசாயிகளைத் திரட்டிக்கொண்டு வந்தது அந்த ஊர் நீதிமன்றத்துக்குத்தான். போகிளைத் தூக்கிலிட்டதோடு நில்லாமல் நானூறுக்கும் மேற்பட்டவர்களை ராணுவம் கொன்றுபோட்டதும் அதைத் தொடர்ந்துதான். ஹோவெல் சிறைக்குப் போனது அந்த மண்ணிலிருந்து. இன்னொன்றையும் சொல்லவேண்டும். செலாசியின் முடிசூட்டு விழாவுக்கு ஐந்தாம் ஜார்ஜ் தம் சொந்த மகனையே, குளோஸ்டர் கோமகனை, அனுப்பியிருந்தார். மன்னரே மகனை அனுப்பி மரியாதை செய்த ஒருவருக்கு, மன்னரின் குடிமகன் மரியாதை செய்தால் துரோகமாம்.

அடுத்து, உங்கள் கட்டுரையாளர் தவறவிட்ட ஒரு விஷயம். நம்மவர்களுக்கு இது சுவையாகவே இருக்கும். ஹோவெல் வெளியிட்ட சிறுநூலின் அட்டையில் ஆசிரியர் பெயர் ஜி. ஜி. மரா. விரித்தால் 'காங்குங்குரு மரா'. இதை ஞானம், குணம், குரு, மகாராஜ் என்று ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். தமிழ் வாசகருக்கு அகராதியே வேண்டாம்! 1845-இல் முதல் கப்பல் ஜமைக்காவின் ஓல்டு ஹார்பர் துறைக்கு வந்தது முதல் 1917 வரை சுமார் 36,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனார்கள். பெரும்பாலோர் வடக்கே கங்கைக் கரையோரத்து மக்கள். கஞ்சா என்ற சொல்லும் அவர்களோடு கப்பலேறிப் போனதுதான்; இன்றும் அங்கே அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். ஹோவெலைச் சீடர்கள் சுருக்கமாக 'காங்' என்று அழைத்ததாகவும், பிற்பாடு மார்லிக்கு ஒட்டிக்கொண்ட 'டஃப் காங்' என்ற பட்டப்பெயருக்கு வேர் அங்கேதான் என்றும் சொல்கிறார்கள்.

ஹோவெலைப் பீடத்தில் ஏற்றிவைக்க நான் இதை எழுதவில்லை. அந்தச் சிறுநூலில் பல பத்திகள், 1926-இல் வேறொருவர் எழுதியதிலிருந்து எடுத்தாண்டவை. வெள்ளையர்மீதான அவருடைய வெறுப்புப் பேச்சை இன்று யாரும் அப்படியே ஏற்கமாட்டார்கள். அவர் மட்டுமே முதல்வர் என்றும் சொல்வதற்கில்லை. ஜோசப் ஹிபர்ட், ஆர்ச்சிபால்டு டங்க்லி ஆகியோரும் அதே ஆண்டுகளில் தனித்தனியாக அதே செய்தியைப் பேசிக்கொண்டிருந்தார்கள். ராஸ்தாக்கள் தீர்க்கதரிசியாகப் போற்றும் கறுப்பின மக்கள் தலைவர் மார்க்கஸ் கார்வியே தம் இடத்தில் அந்தப் படங்களை விற்க ஹோவெலை விடவில்லை. செலாசியோ எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையைச் சேர்ந்த கிறித்தவர்.

'கஞ்சா பயிரிட்ட' என்ற சொல்லுக்கு வருகிறேன். 1940-இல் ஸ்லிகோவில்லுக்கு அருகே மலைமேல் இருந்த பழைய தோட்டம் ஒன்றில் ஹோவெல் தம் மக்களைக் குடியேற்றினார். அந்த இடத்தின் பெயர் பினாக்கிள். கஞ்சா விளைந்தது உண்மைதான். உணவுப் பயிரும் விளைந்தது, கரி சுட்டார்கள், ரொட்டி சுட்டார்கள், தோட்ட முதலாளியிடம் கூலிக்குக் கைகட்டி நிற்காமல் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் பிழைத்தன. அதைச் சொல்லாமல் கஞ்சாவை மட்டும் சொல்வது அன்றைய போலீஸ் எழுதிய கதை. 1941-இல் போலீசார் மலையேறி எழுபது பேர் வரை பிடித்தார்கள். ஹோவெலுக்கு மறுபடியும் சிறை. 1954-இல் மறுபடி வந்த போலீசார் குடியிருப்பையே கலைத்துவிட்டுப் போனார்கள். சிறை போதாது என்று தோன்றியபோது, கிங்ஸ்டன் பெல்வியூ மனநல மருத்துவமனையிலும் அவரை அடைத்தார்கள்.

1966 ஏப்ரல் 21 அன்று செலாசி ஜமைக்காவுக்கு வந்தார். விமான நிலையத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் திரண்டு நின்றதைப் பற்றி உங்கள் கட்டுரையிலேயே நல்லதொரு பத்தி இருக்கிறது. ஹோவெல் அப்போது உயிரோடுதான் இருந்தார் என்பது மட்டும் அதில் இல்லை. அவர் இறந்தது 1981-இன் தொடக்கத்தில், 82-ஆம் வயதில். மார்லி அதே ஆண்டு மே 11 அன்று மறைந்தார்.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுவீர்களானால், படத்தையாவது மாற்றிவிடுங்கள். கோட்டும் டையும் போட்ட அந்தப் பழைய படம் தேடினால் கிடைக்கும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
கும்பகோணம்