கோதோடு முட்டை கொண்டுவந்த மிஸிக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

மட்டக்களப்பு பெரியாஸ்பத்திரி மனநல வாட் தாதி மிஸிமாருக்கும், டொக்டர்மாருக்கும், சிற்றூழியர்களுக்கும், எங்கள் ஊர்ச் சனத்துக்கும் வணக்கம்.

நேற்று அம்மாவுக்குத் துண்டு வெட்டி, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மருந்து எடுத்துக்கொண்டு பின்னேரமே வீடு வந்து சேர்ந்தோம். இன்று காலை நான் எழும்பி வரும்போது அவர் அடுப்படியில் நின்று தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு கோப்பை தந்தார். அதைக் குடித்த கையோடுதான் இதை எழுதுகிறேன். என்ன நடந்தது, எப்படித் தொடங்கியது என்பது கொக்கட்டிச்சோலைப் பக்கம் தெரியாதவர்கள் இல்லை. அதைத் திரும்பக் கிளற எனக்கு இப்போது தெம்பும் இல்லை, நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அம்மா யார் கையாலும் எதையும் வாங்கிச் சாப்பிடாத நிலையில்தான் வாட்டுக்குப் போனார் என்று உங்களுக்குத் தெரியும். பிட்டு, கஞ்சி, பால், எதைக் கொண்டுபோனாலும் மணந்து பார்த்துவிட்டுத் தள்ளிவைப்பார். அண்ணன் அழுதார், பெரியம்மா தான்தோன்றீஸ்வரர் மேல் சத்தியம் பண்ணினார், சத்தியம் பண்ணப் பண்ண அம்மாவுக்குச் சந்தேகம் கூடியதுதான் மிச்சம். வாட்டில் கொடுத்த சோறும் அப்படியே கட்டிலுக்குப் பக்கத்தில் காய்ந்து கிடந்தது.

அப்போதுதான் அந்த மிஸி வந்தார். பெயரைப் போட வேண்டாம் என்று சொன்னார், அதனால் போடவில்லை. அவர் கையில் தட்டு இல்லை. கோது உடைக்காத இரண்டு அவிச்ச முட்டையும், தோல் உரிக்காத கோழிக்கூட்டு வாழைப்பழம் ஒன்றும் இருந்தன. அம்மாவுக்கு நேர் எதிரே போய் நிற்காமல், கொஞ்சம் தள்ளி, வெறுமையாகக் கிடந்த பக்கத்துக் கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு, "அம்மா, இதுல உங்களுக்கு எது வேணும் எண்டு நீங்களே எடுங்க. மற்றத நான் திங்கிறன்" என்றார். அம்மா வெகு நேரம் எடுக்கவில்லை. மிஸி கெஞ்சவும் இல்லை, சாப்பிட்டால்தான் வீட்டுக்கு விடுவோம் என்று வெருட்டவும் இல்லை, சும்மா இருந்தார். மறுகா அம்மா ஒரு முட்டையை எடுத்து, வெளிச்சத்துப் பக்கம் பிடித்து, ஒரு சின்னத் துளையாவது கிடக்கிறதா என்று விரலால் சுற்றிவரத் தடவிப் பார்த்தார். "நல்லாப் பாருங்க அம்மா, அவசரம் இல்ல" என்று மிஸி சொன்ன விதத்தில் ஒரு துளி பகிடியோ சலிப்போ இல்லை, அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"எனக்கு நஞ்சு வைக்கிறாங்க, உனக்குத் தெரியாதா?" என்று அம்மா கேட்டார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. மிஸி, "எனக்கு அப்படி ஒண்டும் தெரியல்ல அம்மா. ஆனா உங்களுக்குச் சரியான பயமாக் கிடக்கு எண்டு விளங்குது. பயத்தோட சாப்பிடுறது கஷ்டம்தான்" என்று சொல்லிவிட்டுத் தன் முட்டையைக் கட்டில் சட்டத்தில் தட்டி உரிக்கத் தொடங்கினார். அம்மாவும் உரித்தார். கோதைத் துண்டு துண்டாக எடுத்து மடியில் அடுக்கி, உள்ளே இருந்த மெல்லிய தோலையும் விடாமல் நகத்தால் சுரண்டி எடுத்து, வெள்ளைக்கருவில் ஒரு கடி கடித்தார். இரண்டாவது கடிக்கு முன்னால் நிமிர்ந்து மிஸியைப் பார்த்து, "உப்புக் கிடக்காகா?" என்று கேட்டார்.

உப்புக் கேட்டார்! இன்னொருவர் கையால் வர வேண்டிய உப்பு. மிஸி எழும்பிப் போய்த் தன் சாப்பாட்டுப் பெட்டியில் இருந்த உப்பைக் கொண்டுவந்து, முதலில் தன் முட்டையில் தொட்டுக்கொண்டு மிச்சத்தை அம்மா பக்கம் நகர்த்தினார். நான் வெளியே விறாந்தைக்கு ஓடிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பிறகு என்னைக் கூப்பிட்டு வைத்து எல்லாம் சொல்லித் தந்ததும் அவர்தான். நஞ்சு இல்லை என்று வாதாடினால் நோயாளி நம்மையும் எதிரி பக்கம் சேர்த்துவிடுவார், ஓம் நஞ்சுதான் என்று ஒத்துப்போனால் பயம் இன்னும் வேர் விடும், அதனால் இரண்டையும் விட்டுவிட்டு அந்தப் பயத்தோடு மட்டும் பேசுங்கள் என்றார். திறக்காத பிஸ்கட் பக்கற், கண் முன்னால் வெட்டுகிற இளநீர், ஒரே சட்டியில் இருந்து எல்லோருக்கும் போட்டுவிட்டு எந்தத் தட்டு வேண்டும் என்று அவரையே முதலில் எடுக்க விடுவது, இப்படிப் படிப்படியாகப் போகலாம் என்றார். குளிசையையும் அம்மா பார்க்க அட்டையில் இருந்து உடைத்து, இது இன்ன மருந்து, இதற்குத்தான் என்று பெயர் சொல்லிக் கொடுப்பார். சோற்றில் ஒளித்துக் கொடுத்தால் என்ன என்று பெரியம்மா கேட்டதற்கு, "ஒரு நாள் கண்டுபிடிச்சா அவ பயப்பட்டது உண்மையாப் போயிரும்" என்றார். அந்த வாட்டில் அன்று அவர் ஓடித் திரிந்த ஓட்டத்துக்கு ஒரு முட்டைக்காக அவ்வளவு நேரம் இருந்திருக்க வேண்டியதில்லை. இருந்தார்.

மற்றவர்களையும் சொல்ல வேண்டும். எங்களை இருத்தி வைத்து, இது மூளையைப் பிடித்த நோய், யாரும் செய்து வைத்தது இல்லை என்று விளங்கப்படுத்திய டொக்டர். ஊசிக்குப் பிறகு அம்மாவின் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டபோது, "இது வேற விஷயம், பரிகாரியக் கூட்டி வாங்க" என்று பெரியம்மா கத்த, ஓடிவந்து பார்த்ததும் இது மருந்தால் வருவது என்று சொல்லி டொக்டரைக் கூப்பிட்டு மாற்று மருந்து கொடுக்க வைத்த இரவு நேரத்து மிஸி. படுக்கையை முகம் சுளிக்காமல் மாற்றிய சிற்றூழியர் அக்காமார். தன் மகளைப் பார்க்க வந்த இடத்தில் எனக்குப் பாய் தந்த ஏறாவூர் உம்மா. 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்குப் போன் எடுத்துக் கேட்டு, காத்திருக்க வேண்டாம், உடனே கொண்டுபோங்கள் என்று எங்களை உசுப்பிய மச்சான். மாடுகளைப் பார்த்த அயலவர்கள். அந்தச் சாமத்தில் மண்முனைப் பாலத்தால் காத்தான்குடி, கல்லடி தாண்டிக் கொண்டுபோய் இறக்கிவிட்டுக் காசு வாங்காமல் போன ஆட்டோ அண்ணன். 2014இல் அந்தப் பாலம் திறக்கும் முன் என்றால், வாவியைக் கடக்க வைக்கும் பாதை (மிதவை) வரும்வரை துறையில் நின்றிருப்போம்.

என் சின்ன வயதில் இப்படி யாருக்கும் வந்தால் "அங்கொடைக்குத்தான் அனுப்பணும்" என்பார்கள். கொழும்புப் பக்கம் மனநல ஆஸ்பத்திரி இருக்கிற அந்த ஊரின் பெயரே ஒரு ஏச்சு. இன்றைக்கும் நூல் கட்டி, கழிப்புக் கழித்து, எல்லாம் பார்த்துக் களைத்த பிறகுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறது. கோயிலுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், அம்மாவுக்காக நானும் நேர்த்தி வைத்திருக்கிறேன், வைகாசிச் சடங்கில் அதை நிறைவேற்றுவேன். ஆனால் கண்ணகை அம்மனுக்கு வைத்த நேர்த்தியோடு இன்னொன்றும் வைத்திருக்கிறேன், அதை இங்கே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன். வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரையில் யாருடைய வீட்டிலாவது ஒருவர் சாப்பிடாமல், உறங்காமல், யாரையும் நம்பாமல் இருந்தால், வெளியே தெரிந்தால் வெட்கம் என்று மூடி வைக்காதீர்கள், எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள். சாமம் என்றாலும் நான் கூட வருவேன். ஆட்டோ அண்ணனிடமும் கேட்டேன், அவரும் சரி என்றிருக்கிறார்.