விழுவது ஏன் என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முதியோர் வீட்டுக்குள்ளேயே விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது பற்றித் தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். எலும்புத் தேய்மானத்தையும் வழுக்கும் தரையையும் விரிவாக விளக்கிய அக்கட்டுரை, மனிதரை விழாமல் நிறுத்திவைக்கும் உறுப்பைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை. பல ஆண்டுகள் உயிரியல் பாடம் நடத்தியவள் என்பதால் அந்தக் குறை என் கண்ணில் உறுத்தியது.

காது கேட்பதற்கு மட்டுமே என்று படித்தவர்களும் நினைக்கிறார்கள். உட்செவியில் நத்தை ஓட்டைப் போலச் சுருண்டிருக்கும் பகுதிதான் ஒலிக்கு உரியது. அதை ஒட்டியே மூன்று அரைவட்டக் குழல்கள், அறையின் மூலையில் இரு சுவர்களும் தரையும் கூடுவதுபோல, ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தாக அமைந்துள்ளன. தலை திரும்பும்போது குழலுக்குள் இருக்கும் திரவம் சற்றுப் பின்தங்க, அதனால் வளையும் நுண்மயிர்ச் செல்கள் எந்தத் திசையில் திரும்பினோம் என்பதை நரம்பு வழியே மூளைக்குத் தெரிவிக்கின்றன. தட்டாமாலை சுற்றிய குழந்தை நின்ற பிறகும் உலகம் சுழல்வதாகச் சொல்வது, உடல் நின்றும் அந்தத் திரவம் நிற்காததால்தான். குழல்களுக்கு அருகே உள்ள இரு சிறு பைகளில், பசை போன்ற படலத்தின்மேல் கால்சியம் கார்பனேட் துகள்கள் பதிந்திருக்கின்றன. தலை சாய்வதையும், பேருந்து திடீரெனக் கிளம்புவதையும் உணர்த்துபவை இவை.

இக்கடிதத்தைப் படிக்கும்போதே வாசகர்கள் ஒன்றைச் செய்து பார்க்கலாம். நாளிதழை அசையாமல் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் விரைவாக இடவலமாக ஆட்டினால் எழுத்துகளைப் படிக்க முடியும். தலையை நிறுத்திவிட்டு அதே வேகத்தில் நாளிதழை ஆட்டினால் எழுத்துகள் கலங்கிவிடும். தலை ஆடும்போது உட்செவி அனுப்பும் செய்தியைக் கொண்டு கண்கள் கணப்பொழுதில் எதிர்த்திசைக்குத் திரும்பிக்கொள்கின்றன; தாள் ஆடும்போது காதுக்கு அதில் வேலையே இல்லை. காதைக் கழுவும் நீர் குளிர்ந்திருந்தால் ஒரு பக்கமும், சூடாக இருந்தால் மறுபக்கமுமாகக் கண்கள் துடிப்பதைக் கவனித்து ஆராய்ந்த வியன்னா மருத்துவர் ராபர்ட் பாரனிக்கு 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அச்செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார்.

காது மட்டும் போதாது. கண் காட்டுவதையும், பாதமும் மூட்டுகளும் தசைகளும் உணர்த்துவதையும் சேர்த்தே மூளை உடலை நிறுத்துகிறது. இவற்றில் ஒன்று குறைந்தால் மற்றவை ஓரளவு ஈடுகட்டும். நெடுநாள் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர், தம்மை அறியாமலே கண்ணை நம்பி நிற்கிறார். முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடும் நொடியிலோ, நள்ளிரவில் விளக்கைப் போடாமல் கழிவறைக்கு நடக்கும்போதோ அந்த ஆதரவும் போய்விடுகிறது. மிஞ்சியிருப்பது வயதால் தளர்ந்த காது மட்டுமே. ஆகவே, குளியலறையில் கைப்பிடி பொருத்தச் சொன்ன தங்கள் கட்டுரை, நடைவழியில் ஒரு விடிவிளக்கும் எரியட்டும் என்று சொல்லியிருக்கலாம்.

என் தமக்கையார் படுக்கையில் வலப்பக்கம் புரளும்போதெல்லாம் அறை சுழல்வதாகச் சொன்னார். அரை நிமிடத்தில் அது நின்றுவிடும். வீட்டில் ஒருவர் பித்தம் என்றார், மற்றொருவர் பிரஷர் என்றார். சில வாரங்கள் இஞ்சிச் சாற்றிலேயே கழிந்தன. பிறகுதான் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர், மேலே சொன்ன துகள்களில் சில பிரிந்து அரைவட்டக் குழலுக்குள் நுழைந்திருப்பதாகக் கண்டறிந்து, தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பி அவற்றைப் பைக்கே திரும்பச் செய்தார். அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி உருவாக்கிய இம்முறையில் பலருக்கு ஓரிரு அமர்வுகளிலேயே குணம் தெரிகிறது. எந்தக் காது, எந்தக் குழல் என்று தெரியாமல் கைப்பேசிக் காணொளியைப் பார்த்துத் தாமே செய்துகொள்வது சரியன்று. தலைச்சுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, கை கால் தளர்ந்தாலோ அது பக்கவாதமாக இருக்கக்கூடும் என்பதால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நலவாழ்வுப் பக்கத்தில் உட்செவியின் படத்தை, அரைவட்டக் குழல்கள் மூன்றும் தனித்தனியே தெரியும் அளவுக்குப் பெரிதாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். விளக்கத்தைக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரே எழுதினால் நல்லது.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
மன்னார்குடி.