கார்டை அழிக்கும் முன்: வேலூர்ப் பகுதி வீடியோ ஒளிப்பதிவாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் திருமணமும் திருவிழாவும் படமெடுக்கும் ஒளிப்பதிவாளர்களுக்கும் அவர்களுடைய சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

கேசட்டை விட்டு மெமரி கார்டுக்கு நீங்கள் மாறியதில் எனக்குக் குறை ஏதுமில்லை. மினி டிவி (MiniDV) கேசட் வழக்கமான வேகத்தில் 60 நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்பதால், விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தில் எதை எடுப்பது, எதை விடுவது என்பதைக் கேமராக்காரரே தீர்மானிக்க வேண்டியிருந்தது. சூதாட்டமும் திரௌபதி துகிலுரிதலும் வரும் ‘பகடை துகில்’ கூத்து உச்சத்தில் இருக்கும்போது கேசட் மாற்றுவதைவிடக் கொடுமை வேறில்லை. வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தின் புழுதியில், நாடாவில் படத்தைப் பதியும் சுழலும் ஹெட்டில் தூசி படிந்து படம் கட்டம் கட்டமாக உடையும் தொல்லையும் கார்டு வந்தபின் ஒழிந்தது. என் முறையீடு வேறு.

கேசட் காலத்தில் மூலப்பதிவு தானாகவே எஞ்சியது. அழித்து மறுபடியும் பதியலாம் என்றாலும், ஓடித் தேய்ந்த நாடாவை நம்பி ஒரு முகூர்த்தத்தை எடுக்கப் பலரும் துணியாததால், எடிட்டிங் முடிந்ததும் அது பெயரும் தேதியும் எழுதப்பட்டு அலமாரிக்குப் போனது. கார்டோ அடுத்த முகூர்த்தத்துக்காக ஃபார்மட் செய்யப்படுகிறது. வாடிக்கையாளர் கையில் மிஞ்சுவது, வெட்டிச் சுருக்கிப் பாட்டுச் சேர்த்த ஒரு பென் டிரைவ் மட்டுமே. பெண் வீட்டுப் பாட்டி பாடிய நலுங்குப் பாட்டைச் சினிமாப் பாட்டு மூடிவிட்டபின், மூலமும் இல்லையென்றால் அதை எங்கே தேடுவது?

அதற்காகக் கார்டையே அலமாரியில் பூட்டி வைத்தாலும் பயனில்லை. நாடாவில் ஓரிடம் கசங்கினால் சில நொடிகள்தான் போகும், முன்னும் பின்னும் பிழைக்கும்; கார்டின் உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு பழுதானால் முழு இரவும் ஒரேயடியாகப் போய்விடும். ஃபிளாஷ் நினைவகம் மின்னூட்டத்தைத் தேக்கியே படத்தைக் காக்கிறது. ஆண்டுக்கணக்கில் தொடாமல் கிடந்தால் அது மெல்லக் கசியும், வெப்பம் அக்கசிவை விரைவுபடுத்தும். வேலூர் வெயிலைப் பற்றி உங்களிடம் நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, இரண்டு தனித்தனி ஹார்டு டிஸ்குகளில் படியெடுத்துத் திறந்து பார்க்காமல் எந்தக் கார்டையும் அழிப்பதில்லை என்று உங்கள் சங்கங்கள் முடிவெடுக்க வேண்டுகிறேன். 32 ஜிபி வரையிலான கார்டுகளில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாததால் நீண்ட பதிவு துண்டுதுண்டாகவே எழுதப்படும் என்பதையும், கோப்புகளைப் பொறுக்காமல் ஃபோல்டரை முழுதாகப் படியெடுக்க வேண்டும் என்பதையும் புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மூலப்பதிவை எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள் என்பதை ரசீதிலேயே எழுதுங்கள். டிஸ்க் வாங்கித் தருபவருக்கு மூலப்பதிவை முழுதாகக் கொடுங்கள்.

அலமாரிகளில் இன்னும் கிடக்கும் பழைய கேசட்டுகளைப் பற்றியும் ஒன்று. ஒரு மணி நேரக் கேசட்டைக் கணினியில் ஏற்ற ஒரு மணி நேரம் ஓட்டியே ஆக வேண்டும். அது ஏறத்தாழ 13 ஜிபி இடம் பிடிக்கும். ஓட்டுவதற்குப் பழுதில்லாத கேமராவும் அதை இணைக்கும் பழைய கேபிளுக்கான ஃபயர்வயர் துளையுள்ள கணினியும் வேண்டும், இரண்டும் அருகி வருகின்றன. பழைய கேமராக்களைக் காயலான் கடைக்குப் போடாமல், ஊருக்கு ஒன்றையாவது பழுதுபார்த்துப் பொதுவில் வையுங்கள். கூத்து, சிரசு விழாக் கேசட்டுகளை முதலில் எடுத்துக்கொண்டால், அதற்கான செலவில் கோயில் விழாக் குழுக்களிடமும் பங்கு கேட்கலாம். திருமண வேலை இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் இதைத் தொடங்க இயலுமா என்பதை உங்கள் அடுத்த கூட்டத்தில் பேசி முடிவுசெய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வட ஆர்க்காட்டுக் கூத்து ஆர்வலன் ஒருவன்