பெற்றவளுக்கும் ஒரு விண்ணப்பப் படிவம் வேண்டும்

நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்கள ஆணையாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்கு மகவேற்பில், அதாவது தத்துக் கொடுக்கப்பட்டு, போன குழந்தைகள் சுமார் 11,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறது. இன்று அவர்களுக்கு நாற்பது, ஐம்பது வயதாகிறது. நெதர்லாந்திலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் பழைய பிறப்புச் சான்றிதழ்களுடன் வந்து, ஊர் ஊராக விசாரிக்கிறார்கள். பலருக்குக் கிடைப்பது வெறும் பெயர். பணம் வாங்கிக்கொண்டு நீதிமன்றத்தில் தாயாக நின்ற வேறொரு பெண்ணின் பெயர்.

குழந்தைகளை வாங்கிய நாடுகள் தாமதமாகவேனும் பேசத் தொடங்கிவிட்டன. கொழும்பிலிருந்த தன் தூதரகம் இந்த முறைகேடுகள் பற்றி எண்பதுகளின் தொடக்கத்திலேயே எச்சரித்திருந்தும் உரிய நடவடிக்கை எடுக்கவில்லை என்பதை 2020இல் சுவிஸ் அரசு ஏற்றுக்கொண்டது. இலங்கை உட்பட ஐந்து நாடுகளிலிருந்து நடந்த மகவேற்புகளை நெதர்லாந்தின் விசாரணைக் குழு ஆராய்ந்து, 2021 பெப்ரவரியில் கடுமையான அறிக்கை வெளியிட்டது. அந்த நாடு அப்போதே வெளிநாட்டு மகவேற்பை இடைநிறுத்தியது.

இந்தப் பேச்சு எதிலும் பெற்ற தாய்க்கு இடமில்லை. அதனால்தான் இந்த மடலைத் தங்களுக்கு எழுதுகிறேன்.

தேடி வரும் பிள்ளைக்குச் சங்கம் இருக்கிறது, வழக்கறிஞர் இருக்கிறார், விமான டிக்கெட்டுக்குப் பணம் இருக்கிறது. நாடுகளுக்கிடையிலான மகவேற்பு பற்றிய ஹேக் உடன்படிக்கையின் 30ஆவது உறுப்புரை, பிள்ளையின் பிறப்பு பற்றிய தகவல்களை அரசு பாதுகாக்க வேண்டும், பிள்ளை அவற்றைப் பார்க்க வழிசெய்ய வேண்டும் என்கிறது. அந்த உடன்படிக்கையை முதலில் ஏற்று 1995இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த மூன்று நாடுகளில் நம் நாடும் ஒன்று. நல்லது. ஆனால் தேயிலைத் தோட்டத்திலோ தெற்கின் கிராமத்திலோ இருக்கும் அறுபது வயதுப் பெண், "என் பிள்ளை உயிரோடு இருக்கிறதா?" என்று கேட்க எந்த அலுவலகத்துக்குப் போவாள்? மலையகத் தாய்மார் பலருக்கு அந்தக் காலத்தில் குடியுரிமைகூட இல்லை. வாசிக்கத் தெரியாத மொழியில் நீட்டப்பட்ட தாளில் கைநாட்டு வைத்தவளிடம் இன்று ஆவணம் கேட்பது அநியாயம்.

1987இல் குழந்தைப் பண்ணைகள், அதாவது விற்பதற்காகக் குழந்தைகளை வைத்திருந்த இடங்கள், அம்பலமானபோது வெளிநாட்டு மகவேற்பு தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. 1992ஆம் ஆண்டின் மகவேற்புத் திருத்தச் சட்டம் விதிகளை இறுக்கியது. அதற்குப் பின் பிறந்த குழந்தைகளை அந்த விதிகள் பாதுகாத்திருக்கலாம். அதற்கு முன் பறிகொடுத்தவர்களுக்கு அவற்றால் எதுவும் கிடைக்கவில்லை. 2017இல் அன்றைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன நெதர்லாந்துத் தொலைக்காட்சியில் இந்த வியாபாரத்தை ஒப்புக்கொண்டு, மரபணுத் தரவு வங்கி அமைக்கப்படும் என்று வாக்களித்தார். அரசின் பெயரால் கொடுத்த வாக்கு அது. அமைச்சர் மாறினாலும் அது மாறக்கூடாது. இன்று மரபணுப் பரிசோதனைக் கருவிகளைச் சுமந்துகொண்டு தாய்மாரின் வாசலுக்குப் போவது அந்தப் பிள்ளைகளின் சங்கங்கள்தான். அரசு செய்ய வேண்டிய வேலையை அவர்கள் செய்கிறார்கள்.

தங்கள் திணைக்களத்தில் தாய்மாருக்கென ஒரு பதிவேடு திறக்கப்பட வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் படிவம் இருக்க வேண்டும். எழுதத் தெரியாதவள் வாயால் சொன்னாலும் போதும் என்றிருக்க வேண்டும். சான்றிதழ் இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது. பிரசவித்த வைத்தியசாலை, ஏறத்தாழ எந்த ஆண்டு, அழைத்துப்போன தரகரின் பெயர், இவ்வளவே தேடலைத் தொடங்கப் போதும்.

இதில் மிகவும் கவனம் வேண்டிய இடம் ஒன்றுண்டு. இந்தப் பெண்களில் பலர் அந்தப் பிள்ளையைப் பற்றிக் கணவரிடமோ மற்றப் பிள்ளைகளிடமோ சொன்னதே இல்லை. திணைக்கள முத்திரையோடு ஒரு கடிதம் வீட்டுக்குப் போனால் அவளுடைய குடும்பம் உடைந்துவிடும். கிராம உத்தியோகத்தர் மூலம் விசாரித்தால் மறுநாள் ஊருக்கே தெரிந்துவிடும். ஆகவே தொடர்புகொள்ளும் முறையை அவளே தீர்மானிக்கட்டும். பிள்ளை தேடி வந்தாலும் சந்திக்க விருப்பமில்லை என்று சொல்லும் உரிமையும் அவளுக்கு இருக்கட்டும்.

மாவட்ட நீதிமன்றங்களிலும் பதிவாளர் அலுவலகங்களிலும் உள்ள அக்காலக் கோப்புகளை அழிக்கக்கூடாது என்று எழுத்துமூலம் அறிவுறுத்துங்கள். போலிப் பெயர் உள்ள கோப்பும் பயன்படும். அதில் கையொப்பமிட்ட சட்டத்தரணியின் பெயர் உண்மையானது.

அந்தத் தாய்மாருக்கு வயதாகிவிட்டது. மசோதாவும் வர்த்தமானியும் வரும்வரை அவர்களால் காத்திருக்க முடியாது. பதிவேட்டைத் திறக்கப் புதிய சட்டம் தேவையில்லை, தங்கள் சுற்றறிக்கை ஒன்று போதும் என்றே நம்புகிறேன். அதை இந்த ஆண்டுக்குள் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
மலையகத்திலிருந்து ஓர் ஆசிரியை