எந்த முகத்தோடு போவது என்று கேட்டாயே

அன்பு மகனுக்கு,

நேற்று ராத்திரி "மறுபடி குடிச்சிட்டேன்பா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். அப்புறம் மூன்று தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. திட்டுவதற்காகக் கூப்பிடவில்லை கண்ணா. உன் குரலை இன்னும் கொஞ்ச நேரம் கேட்க வேண்டும் போலிருந்தது.

நாற்பத்திரண்டு நாள் குடிக்காமல் இருந்தாய். அது வீணாகப் போய்விடவில்லை. ஆனால் "இனி எந்த முகத்தோட கூட்டத்துக்குப் போறது?" என்று கேட்டாயே, அந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. இதே முகத்தோடுதான் போக வேண்டும். அந்தக் கூட்டத்தில் இருப்பவர்கள் எல்லோரும் குடியை நிறுத்த வந்தவர்கள்தானே, அவர்களுக்கு இந்த முகம் நன்றாகத் தெரியும்.

இந்தக் கூட்டங்களை நடத்தும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு யாராவது சொன்னார்களா? 1935 மே மாதம். பில் என்ற பங்குத் தரகர், அமெரிக்காவின் அக்ரான் நகரத்துக்கு வந்த காரியம் கைகூடாமல் ஹோட்டலில் தனியாக நிற்கிறார். குடியை விட்டு ஐந்தாறு மாதம்தான் ஆகியிருந்தது. பக்கத்திலேயே பார். இன்னொரு குடிநோயாளியோடு பேசினால் இன்றைக்குத் தப்பிக்கலாம் என்று தோன்றி, போன் போட்டுத் தேடுகிறார். கிடைத்தவர் பாப், ஒரு சர்ஜன். கால் மணி நேரத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்று வந்தவர் ராத்திரி வெகுநேரம் வரை பேசிக்கொண்டிருந்தார். குடியையும் நிறுத்தினார். சில வாரத்தில் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போனார், அங்கே மறுபடி குடித்துவிட்டார். திரும்பி வந்த அவரைப் பில் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். ஆபரேஷனுக்குக் கை நடுங்கக் கூடாதே என்று பாப் கடைசியாகக் கொஞ்சம் குடித்தது ஜூன் 10. அந்த நாளைத்தான் ஏ.ஏ. தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. சறுக்கி விழுந்து திரும்பி வந்தவரின் நாள் அது.

என் முதல் கூட்டத்தைப் பற்றி உன்னிடம் சொன்னதே இல்லை. வாசல் வரை போய் இரண்டு தடவை திரும்பி வந்திருக்கிறேன். மூன்றாவது தடவை உள்ளே போய்க் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு பெரியவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். டம்ளரில் பாதிதான் இருந்தது. என் கை நடுங்கிய நடுக்கத்திலும் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அப்போதுதான் புரிந்தது, அவர் ஏன் பாதி ஊற்றினார் என்று. அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் அன்று வாயைத் திறக்கவில்லை. பேசித்தான் ஆக வேண்டும் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. குடியை நிறுத்த ஆசை இருந்தால் போதும், வேறு தகுதி கிடையாது. கட்டணமும் இல்லை.

நீ போன கூட்டம் உனக்கு ஒட்டவில்லை என்றாய். சரி, வேறு கூட்டத்துக்குப் போ. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. சிலது குடிநோயாளிகளுக்கு மட்டும், சிலதில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். ஓரிடத்தில் ஒருவர் பேச மற்றவர்கள் கேட்பார்கள், இன்னோரிடத்தில் எல்லோரும் மாறி மாறிப் பகிர்ந்துகொள்வார்கள். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாதே, நாலைந்து இடம் போய்ப் பார். கடவுள் என்ற சொல் இடிக்கிறது என்றால், ஏ.ஏ.யில் 'நாம் புரிந்துகொண்ட விதத்தில் கடவுள்' என்றுதான் சொல்கிறார்கள். அதுவும் ஒத்துவராவிட்டால் குடியை விட உதவும் இன்னோர் அமைப்பு, 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரெக்கவரி இருக்கிறது, அதில் கடவுள் பேச்சே வராது. இரண்டுமே ஆன்லைனில் நடக்கின்றன. ஆனாலும் முடிந்தவரை நேரில் போ. கூட்டம் முடிந்து எல்லோரும் நாற்காலியை அடுக்கும்போது பேசும் அந்தப் பத்து நிமிஷம் திரையில் கிடைக்காது. ஸ்பான்சர், அதாவது குடியை விட்டு நமக்குக் கூடவே இருந்து வழிகாட்டும் மூத்தவர், ஆகக்கூடியவர் யார் என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. ஒரு போன் நம்பரையாவது வாங்காமல் வெளியே வராதே.

அதற்கு முன்னால் ஒரு காரியம் இருக்கிறது, இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன். நேற்று மட்டும்தானா, அல்லது பல நாளாகத் தினமும் குடிக்கிறாயா என்று நீ சொல்லவில்லை. தினமும் என்றால் தனியாக உட்கார்ந்து சட்டென்று நிறுத்தாதே, முதலில் டாக்டரைப் பார். நிறுத்திய முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாதது கண்ணில் தெரிந்து, இடம் பொருள் தெரியாமல் போய்விடலாம். உயிருக்கே ஆபத்து. டாக்டரிடம் எவ்வளவு குடித்தாய் என்பதைக் குறைத்துச் சொல்லாதே. நான் பாதியாகக் குறைத்துச் சொல்லி, அதனால் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள். அவளிடம் மறைத்து மறைத்துத்தானே நான் அத்தனை வருஷத்தையும் கெடுத்தேன். கொஞ்சம் அழுதாள், அப்புறம் அவளுடைய அல்-அனான் கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டாள். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கான அந்தக் கூட்டங்களைப் பில்லின் மனைவி லோயிஸும் இன்னொரு பெண்மணியும் சேர்ந்து 1951-இல் அமைப்பாக்கினார்கள். உன்னைக் கண்காணிக்காமல் உன்மேல் பாசமாக இருக்க அங்கேதான் கற்றுக்கொண்டேன் என்பாள். அதனால் தினமும் போன் போட்டு 'குடிச்சியா' என்று கேட்க மாட்டாள், பயப்படாதே.

எந்தக் கூட்டம், எத்தனை மணிக்கு என்று பார்த்து எனக்கு அனுப்பு. கிளம்பும்போது கூப்பிடு. வாசல் வரை என்னோடு பேசிக்கொண்டே போகலாம். கதவைத் திறக்கும் சத்தம் கேட்டதும் நான் வைத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா